ஒன்பது புரதங்களும் ஒரு கொடை நோட்டீசும்

எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா நோட்டீசில் என் பெயர் அச்சாகி வந்தது ஒரே ஒரு வருடம்தான். மஞ்சள் தாளில் சிவப்பு மை. குடியழைப்பு, மதியக் கொடை, வில்லுப்பாட்டு, முளைப்பாரி என்று நிகழ்ச்சிகள் வரிசையாக இறங்கிவர, நடுவில் ஒரு வரி: மாலை நான்கு மணிக்கு, அறிவியலில் புதிய கண்டுபிடிப்பு நிகழ்த்திய நமதூர்ச் செல்விக்குப் பொன்னாடை அணிவித்தல். பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி., எம்.பில். என்று போட்டிருந்தார்கள். எம்.பில். அப்போது முடிந்திருக்கவில்லை. கண்டுபிடிப்பு தப்பு என்று எனக்குத் தெரிந்ததும் நோட்டீஸ் சுவரில் ஏறிய பிறகுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் படித்துக்கொண்டிருந்தேன். சேரன்மகாதேவிக்கு மேற்கே எங்கள் ஊர். காலை ஆறரை பஸ்ஸில் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, ஒன்பது மணிக்குத் துறை வாசலில் நிற்பேன். அப்பா வாழைக்காய் மண்டியில் தார் ஏற்றி இறக்குகிறவர். அம்மா பீடி சுற்றுவாள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியை மிதித்த முதல் ஆள் நான். இதைப் பணிவாகச் சொல்ல எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது.

புரதம் என்றால் எல்லாருக்கும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். நான் பார்த்தது அதன் உள்ளமைப்பை. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த நீளமான சங்கிலிதான் புரதம். ஆனால் அது நீளமாகவே இருப்பதில்லை. மடிந்து, சுருண்டு, ஒரு பந்து மாதிரி ஆகிவிடும். சேலையை மடித்துச் சுருட்டி வைத்தால் முந்தானையும் உடம்புப் பகுதியும் ஒட்டிக்கொள்கிற மாதிரி, சங்கிலியில் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கும் இரண்டு அமிலங்கள் மடிந்தபின் தொட்டுக்கொள்ளும். யார் யாரைத் தொடுகிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் என் வேலை. இரண்டு அமிலங்களின் அணுக்கள் நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் தொடுகை என்று வைத்துக்கொண்டோம். ஒரு மில்லிமீட்டரைக் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு, ஓர் ஆங்ஸ்ட்ராம்.

அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதை வேறு தேசத்தில் யாரோ படிகத்தில் எக்ஸ்ரே பாய்ச்சிக் கண்டுபிடித்து எழுதி வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது ஃபைல்களாக மதுரையிலிருந்து ஃப்ளாப்பியில் வந்தது. ஓர் அணுவுக்கு ஒரு வரி. அணுவின் பெயர், எந்த அமிலம், சங்கிலியில் எத்தனையாவது, பிறகு மூன்று எண்கள். கிழக்குச் சுவரிலிருந்து இத்தனை, தெற்குச் சுவரிலிருந்து இத்தனை, தரையிலிருந்து இத்தனை என்று அறைக்குள் ஒரு பொருளின் இடத்தைச் சொல்வது மாதிரி. ஒரு புரதத்துக்கு ஆயிரம் வரி, இரண்டாயிரம் வரி வரும். அந்த எண்களை முதலில் பார்த்தபோது எனக்குப் பயம் வரவில்லை. இவ்வளவையும் ஒரு ஆள் விடாமல் எழுதி வைத்திருக்கிறானே என்று மரியாதைதான் வந்தது.

துறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். ஏசி அறை, செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகவேண்டும். என்னோடு அதைப் பங்கு போட்டுக்கொண்டவள் சாத்தான்குளத்துக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர்க்காரி. அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். புரதத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகள் அவளுடைய பாடம்.

"எங்க ஊர்லயும் தண்ணிதாம்ட்டி, இங்க வந்தாலும் தண்ணிதாம்ட்டி" என்பாள்.

ஆளுக்கு இரண்டு ஃப்ளாப்பிதான் கொடுத்திருந்தார்கள். வந்த ஃபைல்களை அப்படியே வைத்தால் நாலைந்து புரதத்திலேயே இடம் தீர்ந்துபோகும். ஒவ்வொரு வரியிலும் எனக்கு வேண்டாதது நிறைய இருந்தது. எனவே வேண்டியதை மட்டும் எடுத்து, மீதியை வெட்டிப்போட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அமிலத்தின் பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் ஓர் எழுத்து போடுகிற இடம் ஒன்று இருந்தது. நான் திறந்து பார்த்த ஏழெட்டு ஃபைல்களிலும் அது காலி. காலி இடத்தை எதற்கு வைத்துக்கொள்வது? ஒற்றை அறையில் நாலு பேர் படுத்து எழுந்த வீட்டில் வளர்ந்தவள் நான். சும்மா கிடக்கும் இடத்தைப் பார்த்தால் கை பரபரக்கும். வெட்டிவிட்டேன்.

நாற்பத்தொரு புரதங்களும் இரண்டே ஃப்ளாப்பியில் அடங்கின. எங்கள் ஆய்வுக்கு வழிகாட்டிய சார் அதை மற்றவர்களிடம் காட்டி, "பாருங்க, எப்படிச் சுருக்கி வச்சிருக்காங்க" என்றார். கடற்கரைக்காரியும் என் சுருக்கிய ஃபைல்களையே வாங்கிக்கொண்டாள். மதுரையிலிருந்து வந்த ஃப்ளாப்பிகளை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

கணக்குப் போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது. ஒவ்வொரு புரதத்துக்கும் ஒரு கட்டம்; அதன் மேலும் பக்கவாட்டிலும் அமிலங்களின் எண்கள்; தொட்டுக்கொள்ளும் அமிலங்களுக்கு நேரே ஒரு நட்சத்திரப் புள்ளி. பிரிண்டர் கிர்ரென்று இழுத்து இழுத்து அடிக்கும். அந்தத் தாள்களை மேஜைமேல் பரப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்படிப் பார்க்கும்போதுதான் ஒன்பது புரதங்கள் மட்டும் வேறு மாதிரி தெரிந்தன. ஏறக்குறைய அதே நீளமுள்ள மற்ற புரதங்களைவிட இவற்றில் தொடுகைகள் அதிகம். அதுவும் சங்கிலியில் ரொம்பத் தள்ளி இருப்பவை தொட்டுக்கொண்டிருந்தன. மற்றவற்றைவிட நெருக்கமாகப் பொதிந்த ஒரு தனி வகை என்று முடிவுகட்டினேன். புத்தகங்களைப் புரட்டினேன். இப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை. சாரும் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஒரு கட்டுரையா எழுதுங்க, செமினாருக்கு அனுப்பலாம்" என்றார்.

அன்றைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்தேன். கால் வலித்ததாக நினைவில்லை.

வீட்டில் சொன்னேன். "இதுவரைக்கும் யாரும் சொல்லாத ஒண்ண நான் சொல்லியிருக்கேன்."

அம்மா பீடிக்குக் கட்டுப்போடுவதை நிறுத்தாமலே, "யாரும் சொல்லாததுன்னா நல்லதா கெட்டதாட்டி?" என்று கேட்டாள்.

"கண்டுபிடிப்பும்மா."

அப்பா மறுநாள் கொடைக் கமிட்டி கூடிய இடத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். வருடா வருடம் பந்தலுக்குக் குலைவாழை கொண்டுவந்து கட்டுகிறவர் அவர். அந்த நோட்டீசில் தலைவர், செயலாளர், மைக்செட்காரர் பெயர்கூட வரும். அப்பாவின் பெயர் வந்ததில்லை. இந்த முறை அவர் பெயரின் முதலெழுத்தோடு என் பெயர் வந்தது. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. மேலிருந்து ஏழாவது வரி என்று எண்ணி வைத்திருந்தார். நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மண்டியில், டீக்கடையில், பஸ்ஸில் எல்லாம் விரித்துக் காட்டினார். விரல் பிசகாமல் ஏழாவது வரியில் போய் நிற்கும்.

கொடை செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தைய வியாழக்கிழமை, கட்டுரையில் சேர்ப்பதற்கு ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அமிலத்திலும் ஆல்பா கார்பன் என்று ஓர் அணு உண்டு. ஓர் அமிலத்துக்கு ஒன்றே ஒன்று. தொட்டுக்கொள்ளும் இரண்டு அமிலங்களின் ஆல்பா கார்பன்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்பதுதான் பட்டியல். இதற்குப் புதிதாக ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கேட்ட எண்ணுள்ள அமிலத்தை அது ஃபைலின் மேலிருந்து தேடும். முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும்.

அந்த ஒன்பதில் ஒரு புரதம். முப்பத்தொன்றாம் அமிலமும் தொண்ணூற்றெட்டாம் அமிலமும் தொடுவதாக என் கட்டம் சொன்னது. தூரம் பத்து ஆங்ஸ்ட்ராமுக்குள் வரவேண்டும். இருபத்தெட்டு என்று வந்தது.

தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திரும்ப ஓட்டினேன். இருபத்தெட்டுதான். கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் எப்படி இருபதடி தூரம் இருக்கும்? தேடுகிற புரோகிராமை நிற்காமல் கடைசி வரை தேடச் சொல்லி மாற்றினேன். திரையில் முப்பத்தொன்றாம் அமிலத்துக்கு இரண்டு ஆல்பா கார்பன்கள் வந்து விழுந்தன.

ஓர் அமிலத்துக்கு இரண்டு இருக்க முடியாது. அப்படியென்றால் முப்பத்தொன்று என்ற எண்ணோடு இரண்டு அமிலங்கள் இருக்கின்றன. அதாவது ஃபைலில் இருப்பது ஒரு சங்கிலி இல்லை. ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்து நிற்கும் புரதம். இரண்டுக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இது முதல் சங்கிலி, இது இரண்டாம் சங்கிலி என்று பிரித்துச் சொல்லத்தான் அந்த எழுத்துக்கான இடம். ஒற்றைச் சங்கிலிப் புரதங்களில் அது காலியாக இருக்கும். நான் திறந்து பார்த்த ஏழெட்டும் ஒற்றைச் சங்கிலிகள்.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே கை நீட்டி இந்த வீட்டுக்காரியைத் தொட்டதை, ஒரே வீட்டுக்குள் நடந்ததாக எழுதி வைத்திருந்தேன். மற்ற எட்டையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். எட்டிலும் இரட்டை ஆல்பா கார்பன்.

கடற்கரைக்காரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிய ஒரு நிமிடம்தான் ஆனது.

"ஏட்டி, சவமே. ஒன் ஃபைலதான நானும் வச்சிருக்கேன்?"

"ஆமா."

"அப்ப என் தண்ணியெல்லாம் எந்தச் சங்கிலித் தண்ணின்னு எனக்கே தெரியாது!"

"தெரியாது."

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "நாலு ஃப்ளாப்பி கேட்டிருந்தா குடுத்திருப்பாங்கட்டி. ஒனக்கு எல்லாத்தயும் சுருட்டி மடக்கி வைக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "சவத்த விடு. எண் திரும்ப ஒண்ணுன்னு எங்க வருதோ அங்க வெட்டு. பிரிஞ்சிரும்லா?"

பிரிந்துவிட்டது. மாலைக்குள் ஒன்பதையும் சங்கிலி சங்கிலியாகப் பிரித்துத் திரும்பக் கணக்கிட்டேன். தனிவகையெல்லாம் காணாமல் போய்விட்டது. ஒவ்வொரு சங்கிலியும் மற்ற புரதங்களைப்போலவே சாதாரணமாக இருந்தது. அதிகப்படியாகத் தெரிந்த தொடுகைகள் எல்லாம் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்தவை. அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஏற்கெனவே பிரின்சிபாலிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். முகம் சுருங்கியது. "அனுப்புறதுக்கு முன்னால பாத்தீங்களே, அதுவரைக்கும் சரி" என்று சொல்லிவிட்டு, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மீதியை அடுத்த மாதத்துக்குள் முடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். கல்லூரியில் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு வீட்டுக்குப் போவதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். பையில் மஞ்சள் தாள் எட்டிப் பார்த்தது.

"அப்பா, அந்த நோட்டீஸ்ல போட்டது தப்பா போச்சி."

"பேர தப்பா போட்டுட்டானா? அந்த அச்சாபீஸ்காரன நான்..."

"பேரு சரிதான். கண்டுபிடிப்புதான் தப்பு."

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நாந்தான் பாத்தேன்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"சாருக்குத் தெரியும். கூடப் படிக்கவளுக்குத் தெரியும்."

"அவுக ரெண்டு பேரும் கொடைக்கு வாராகளா?"

"இல்ல."

"அப்ப பேசாம இரி. இங்கன எவனுக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்லா."

அம்மா பீடி சுற்றும் சுளகிலிருந்து நிமிர்ந்தாள். "அவளுக்கு மனசு ஒப்பலன்னா விடுங்களேன்."

"மனசு ஒப்பலியாம்! இத்தன வருசமா அந்தப் பந்தலுக்கு வாழ கட்டுதேன். வாழ கட்டுதவன் பேர எவன் போட்டான்? ஒரு தடவ வந்துருக்கு. அதையும் தப்புங்குதா." என்னைப் பார்த்து, "பொய்யா சொன்ன?" என்றார்.

"பொய் இல்ல. தப்பு."

"ஊருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அப்புறம் நாலு நாளும் அவர் என்னோடு அதிகம் பேசவில்லை. நோட்டீஸ் மட்டும் சட்டைப்பையிலேயே இருந்தது, யாரிடமும் விரிக்கவில்லை. எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, ஆனால் வேறு மாதிரி செய்ய முடியவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். உண்மையில் அது என் கர்வம். நான் படித்து வாங்கிய எதையும் இதுவரை யாரும் எனக்குச் சும்மா தந்ததில்லை. ஒரு தப்புக்குப் பொன்னாடை வாங்குகிற அளவுக்கு நான் இறங்கமாட்டேன் என்று இருந்தது. வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாளும் கல்லூரிக்குப் போய் மற்ற முப்பத்திரண்டு புரதங்களையும் மறுபடி சரிபார்த்தேன். ஒன்றிலும் இரட்டை இல்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணி நிகழ்ச்சி ஐந்தேகாலுக்குத் தொடங்கியது. அப்போதும் வெயில் பந்தல் ஓலை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லையும் குடத்தையும் ஓரமாக வைத்துவிட்டு எங்கள் நிகழ்ச்சி முடியக் காத்திருந்தார்கள். கமிட்டித் தலைவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. என் பெயரை மைக்கில் சொல்லிப் பொன்னாடையை உதறி விரித்தார். நான் ஒரு நிமிடம் பேசவேண்டும் என்று மைக்கைக் கேட்டேன். ஏற்புரை என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்.

"நோட்டீஸ்ல போட்டிருக்க கண்டுபிடிப்பு தப்புன்னு ஆயிட்டு. ரெண்டு சங்கிலிய ஒரே சங்கிலின்னு நெனச்சி எண்ணிட்டேன். தப்பு என்னோடதுதான். அதனால எனக்குப் பொன்னாடை வேண்டாம்."

பெண்கள் பக்கத்திலிருந்து, "எவ சங்கிலிட்டி காணாமப் போச்சி?" என்று ஒரு குரல் வந்தது. நாலைந்து பேர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணாச்சி மைக்கைக் கையால் பொத்தினார். பொத்தியும் எல்லாருக்கும் கேட்டது.

"என்னம்மா இப்பிடிச் சொல்லுத? நோட்டீஸ்ல போட்டாச்சே."

"அதனாலதான் அண்ணாச்சி சொல்லுதேன்."

"நோட்டீஸ்ல போட்டது நடக்கணும். ஒரு வருசம் கரகாட்டம்னு போட்டு, ஆட்டக்காரி வரல. அந்த வருசம் கால்வாய்ல தண்ணியே வரல, தெரியும்லா? கண்டுபிடிப்பு சரியா தப்பாங்கது ஒனக்கும் ஒங்க காலேஜுக்கும். பொன்னாடை அம்மன்கிட்டச் சொன்னது. ஒரு வரி விடப்பிடாது. தலையக் குனி."

குனியாமல் நின்றேன். அவர் என்னைவிட உயரம், குனியாமலே போட்டுவிட்டார். கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது.

வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவி எழுந்து, "அண்ணாச்சி, தப்பு கண்டுபிடிச்சாச்சின்னா நாங்க வில்ல எடுக்கலாமா?" என்றார். பந்தலே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டுவார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்கள் என்று இரண்டில் ஒன்றுக்குத் தயாராகப் போயிருந்தேன். இரண்டும் இல்லாமல், பட்டியலில் ஒரு வரியாக என்னை முடித்து அனுப்பினார்கள். அது ஏனோ இதமாக இருந்தது.

அப்பாவை மேடையிலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை. இறங்கி வந்தபோது, அவர் கட்டிய குலைவாழைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் கூட நடந்தேன். கால்வாய்ப் பாலம் தாண்டினோம்.

"மொத்தம் எத்தன பாத்த?" என்றார் திடீரென்று.

"என்னது?"

"அதான், நீ பாக்கயே, அது."

"நாப்பத்தொண்ணு."

"அதுல தப்புனது?"

"ஒம்பது."

"மிச்சம்?"

"முப்பத்திரெண்டு. அது சரிதான்."

"நல்லா பாத்துட்டியா?"

"மூணு நாளா அதத்தான் பாத்தேன்."

அப்பா நின்றுவிட்டார். "ஏம்மா, லாரில வந்த தார்ல ஒம்பது அடிபட்டுட்டு. முப்பத்திரெண்டு நல்லா இருக்கு. மண்டில போயி நாங்க என்ன சொல்லுவோம்? முப்பத்திரெண்டு நல்லா இருக்குன்னு மொதல்ல சொல்லுவோமா மாட்டோமா? மைக்கக் கையில வச்சிக்கிட்டு, அடிபட்டத மட்டும் சொல்லிட்டு எறங்கிட்டியே."

நாலு நாளாக என்ன பேசவேண்டும் என்று மனதுக்குள் எழுதி எழுதிப் பார்த்தவள் நான். முப்பத்திரண்டு என்ற எண் அதில் ஓரிடத்திலும் வரவில்லை.

"முப்பத்திரெண்டு" என்று அப்பா தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டு மேலே நடந்தார்.

மறுநாள் ஆறரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே டீக்கடை பெஞ்சில் அப்பாவும் மண்டி ஆட்களும் இருந்தார்கள். யாரோ என்னவோ கேட்டார்கள். என் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு திரும்புவதற்குள் அப்பாவின் பதில் மட்டும் ரோட்டைத் தாண்டிக் கேட்டது.

"முப்பத்திரெண்டு சரியா இருக்கு வே. எம் மவ மூணு நாளு உக்காந்து பாத்திருக்கா."